கொழும்பு மாநகர சபை: எது அவர்கள் பொறுப்பு, எது இல்லை

மழை ஒரு மணித்தியாலம் அடித்து ஊற்றினால் போதும், வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய ஒழுங்கைகளில் இருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் சரி, கொட்டாஞ்சேனைப் பக்கக் குழுக்களிலும் சரி, ஒரே கேள்விதான் ஓடும்: "இந்த மாநகர சபை என்னத்தைச் செய்யுது?" கேட்பதில் பிழையில்லை. ஆனால் பல தடவை அந்தக் கேள்வி போக வேண்டிய இடம் வேறு. வீட்டு வாசல் கான் அடைத்திருந்தால் சபை. அந்தக் கான் போய் விழும் கால்வாய் அடைத்திருந்தால் வேறொரு கூட்டுத்தாபனம். குழாய் வெடித்துத் தண்ணீர் றோட்டில் ஓடினால் நீர் வழங்கல் சபை. அந்தக் குழாயைத் திருத்துவதற்கு வெட்டிய கிடங்கை யாரும் மூடாமல் போனால், அது யார் தலையில் என்று கண்டுபிடிப்பதற்குள் அடுத்த மழை வந்துவிடும்.

2025 இல் இருந்து கொழும்புக்குத் திரும்பவும் தெரிவு செய்யப்பட்ட ஒரு சபை இருக்கிறது. "சபையில் அமளி", "பாதீடு தோல்வி", "முதல்வர் பணிப்புரை" என்று செய்திகளும் வந்துகொண்டே இருக்கின்றன. இவற்றை வாசிக்கும்போது பின்னணி தெரியாவிட்டால் எல்லாம் கட்சிச் சண்டை மாதிரித்தான் தெரியும். கட்சிச் சண்டையும் இருக்கிறதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்குக் கீழே நீங்கள் வீட்டுக்கும் வளவுக்கும் கட்டும் சோலை வரியும் குப்பை லொறியும் இருக்கின்றன.

முதலில் எல்லையைப் பார்ப்போம், ஏனென்றால் இதிலேயே நிறையப் பேர் சறுக்குகிறார்கள். கடித உறையில் கொழும்பு 1 முதல் 15 வரை ஓர் இலக்கம் வருகிறது என்றால் நீங்கள் பெரும்பாலும் மாநகர சபைக்குள்தான் இருக்கிறீர்கள்: கோட்டை, கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, பொரளை, தெமட்டகொடை, மருதானை, புறக்கோட்டை, புதுக்கடை, கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், வடக்கே மட்டக்குளியும் முகத்துவாரமும். வெள்ளவத்தையைத் தாண்டித் தெஹிவளைக்குள் கால் வைத்தால் அது தெஹிவளை-கல்கிசை மாநகர சபை. கிழக்கே கோட்டே இன்னொரு மாநகர சபை, கொலன்னாவை ஒரு நகர சபை. வடக்கே களனி கங்கை எல்லை. பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் "கொழும்பு" என்று சொல்லிவிடுகிறோம். தெஹிவளையில் இருக்கும் மாமி கொழும்பு மாநகர சபைக்கு வாக்குப் போடவும் முடியாது, குப்பைக்காக அங்கே முறையிடவும் முடியாது.

ஆக, சபையின் எல்லைக்குள் இருக்கும் நிலம் சுமார் 37 சதுர கிலோமீற்றர்தான். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இதற்குள் 5 இலட்சத்து 61 ஆயிரம் பேர் வசித்தார்கள். பகலில் வேலைக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் வந்து போகிறவர்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவர்கள் போடும் குப்பையையும் சபைதான் அள்ள வேண்டும், அவர்கள் சோலை வரி கட்டுவது வேறு ஊரில்.

சபை எப்படி வந்தது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1865 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஒன்றின் மூலம் பிரித்தானியர் உருவாக்கியது. ஆரம்பத்தில் சொத்தும் வருமானமும் உள்ளவர்களுக்குத்தான் வாக்கு. இன்றைக்கு நடைமுறையில் இருப்பது 1947 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டம், இடையில் எத்தனையோ திருத்தங்களுடன். விகாரமகாதேவி பூங்காவுக்கு எதிரே இருக்கும் வெள்ளைக் கட்டடம் 1920களில் எழுந்தது. அதற்கு முந்திய நகர மண்டபம் இன்னும் புறக்கோட்டையில் இருக்கிறது, கடைக்குப் போகிறவர்கள் பலர் அதைப் பார்த்தும் பாராமலும் கடந்து போகிறார்கள்.

இந்த நகரத்தின் முதலாவது தெரிவு செய்யப்பட்ட முதல்வர் ஒரு தமிழர், வைத்தியர் இரத்தினசோதி சரவணமுத்து, 1937 இல். அவருடைய மனைவி நேசம் சரவணமுத்து அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபையில் கொழும்பு வடக்கின் உறுப்பினராக இருந்தவர். பிறகு ஏ.ஈ. குணசிங்க, என்.எம். பெரேரா, ஏ.எச்.எம். பௌசி, சிறிசேன குரே, 90களில் கே. கணேசலிங்கம், கரு ஜயசூரிய என்று ஒரு நீண்ட வரிசை. எந்த இனமும் தனியாகப் பாதியைத் தாண்டாத நகரம் இது, முதல்வர் பட்டியலிலும் அது தெரிகிறது. 2006 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்புமனு நிராகரிக்கப்பட்டது. மூக்குக் கண்ணாடிச் சின்னத்தில் நின்ற ஒரு சுயேச்சைக் குழுவுக்கு அந்தக் கட்சி ஆதரவு கொடுக்க, அந்தக் குழுவே கூடுதல் ஆசனங்களைப் பிடித்தது, முச்சக்கர வண்டி ஓட்டிக்கொண்டிருந்த உவைஸ் முகம்மது இம்தியாஸ் முதல்வரானார். வேறெந்த ஊரில் இது நடந்திருந்தாலும் அதையே பத்து வருடம் பேசிக்கொண்டிருப்பார்கள், கொழும்பு மறந்துவிட்டது.

சரி, இன்றைய சபைக்கு வருவோம்.

2018 இல் தெரிவான சபையின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அந்த மாதமே நடக்க வேண்டிய தேர்தல் பணமில்லை என்ற காரணத்தால் நடக்கவில்லை. தேர்தலை நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்ட்டில் சொன்னது. கடைசியில் 2025 மே 6 ஆம் திகதி வாக்களித்தோம். இடைப்பட்ட இரண்டு வருடத்துக்கு மேல் உறுப்பினர் என்று யாரும் இல்லை, எல்லாவற்றையும் மாநகர ஆணையாளரும் அதிகாரிகளும் பார்த்தார்கள். நிருவாகம் நின்றுவிடவில்லை, குப்பை எடுத்தார்கள், வரி அறவிட்டார்கள். ஆனால் ஒரு தீர்மானம் ஏன் எடுக்கப்பட்டது என்று மாதக் கூட்டத்தில் எழும்பி நின்று கேட்க ஓர் ஆள் இல்லை. அந்த இழப்பு கண்ணுக்குத் தெரியாது, அதனாலேயே அதைப் பற்றி அவ்வளவு சத்தமும் எழவில்லை.

2025 தேர்தலில் 117 ஆசனங்களில் தேசிய மக்கள் சக்திக்கு 48, ஐக்கிய மக்கள் சக்திக்கு 29, ஐக்கிய தேசியக் கட்சிக்கு 13, மிச்சம் சிறிய கட்சிகளுக்கும் சுயேச்சைக் குழுக்களுக்கும். ஆக, யாருக்கும் பாதி இல்லை. 2017 திருத்தச் சட்டத்தின்படி 60 வீதமான உறுப்பினர்கள் வட்டாரத்தில் வென்று வருகிறார்கள், 40 வீதம் கட்சி பெற்ற மொத்த வாக்குக்கு ஏற்றபடி பட்டியலில் இருந்து வருகிறார்கள், பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடும் உண்டு. வட்டாரங்களைப் பரவலாக வென்ற கட்சிக்கும் மொத்த வாக்கில் பாதி இல்லாவிட்டால் சபையில் பாதி கிடைக்காமல் போகலாம். யாருக்கும் பாதி இல்லாததால் முதல்வரை உறுப்பினர்களே வாக்களித்துத் தெரிவு செய்ய வேண்டி வந்தது. ஜூன் 16 ஆம் திகதி இரகசிய வாக்கெடுப்பில் 61 வாக்குகள் பெற்று தேசிய மக்கள் சக்தியின் விராய் கெலி பல்தசார் முதல்வரானார், எதிர்த்து நின்ற ஐக்கிய மக்கள் சக்தியின் ரிஸா சரூக்குக்கு 54. ரோசி சேனாநாயக்கவுக்குப் பிறகு இந்தக் கதிரையில் அமரும் இரண்டாவது பெண்.

48 உறுப்பினர்களை வைத்துக்கொண்டு 61 வாக்கு எடுத்தவர் ஒவ்வொரு பெரிய தீர்மானத்துக்கும் வெளியில் இருந்து ஆள் சேர்க்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பிறகு வந்த செய்திகள் விளங்கும். 2026 க்கான வரவு செலவுத் திட்டம் 2025 டிசம்பரில் முதல் தடவை 3 வாக்கு வித்தியாசத்தில் தோற்றது, பிறகு ஆண்டின் கடைசி நாளில் திரும்பக் கொண்டுவந்து சிறிய பெரும்பான்மையில் நிறைவேற்றினார்கள். இதை ஒரு பக்கம் வெற்றி என்றது, மறுபக்கம் பேரம் என்றது. எனக்கென்றால் தொங்கு சபை ஒன்றும் கெட்ட விடயமாகத் தெரியவில்லை, பெரும்பான்மை வைத்திருந்த சபைகள் காலத்தில் வரவு செலவுத் திட்டத்தின் உள்ளே என்ன இருந்தது என்று யாராவது வாசித்தோமா?

முதல்வருக்கு மேலேயும் ஆட்கள் இருக்கிறார்கள். அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தத்தின்படி உள்ளூராட்சி மாகாணத்துக்குரிய விடயம். மேல் மாகாண சபையின் காலம் 2019 இல் முடிந்த பிறகு தேர்தல் நடக்கவில்லை, அதனால் அந்த அதிகாரம் ஆளுநரின் கையில். சபைக்குள்ளேயும் ஆணையாளர் என்பவர் நியமிக்கப்படும் அரச அதிகாரி, கையெழுத்தும் கோப்பும் அவருடைய பக்கம். முதல்வர் "உடனே செய்யச் சொல்லியிருக்கிறேன்" என்று சொன்னால், அது கோப்பாக மாறி, கேள்விமனு கோரி, ஒப்பந்தமாகி, வேலையாக இறங்குவதற்கு இடையில் இருக்கும் தூரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளம் வந்தால் யாரைக் கேட்பது

கொழும்பின் தண்ணீர்க் கதை தனியாகவே ஒரு புத்தகம் எழுதும் அளவுக்கு இருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால் உங்கள் கூரையில் விழும் மழைத்தண்ணீர் கடலுக்குப் போய்ச் சேருவதற்குள் பல கைகள் மாறுகிறது.

ஒழுங்கையில் இருக்கும் கான் மாநகர சபையுடையது. அதைத் துப்புரவு செய்வது, மூடியில்லாத இடத்தில் மூடி போடுவது எல்லாம் அவர்கள் வேலை. பிரதான வீதிகள், அதாவது ஏ, பி வகை வீதிகள், பொதுவாக வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை, அந்த வீதியைத் தோண்டி ஒரு வேலை செய்ய வேண்டுமென்றால் அங்கேயும் ஒரு கடிதம் போக வேண்டும். கான் போய் விழும் பெரிய கால்வாய்கள், கிருலப்பனை, வெள்ளவத்தை, தெமட்டகொடை, சென் செபஸ்தியன் கால்வாய்கள், இலங்கை காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் பராமரிப்பில். கால்வாய்கள் தெற்கே வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கடலில் விழுகின்றன, வடக்கே களனி கங்கைக்கும் முகத்துவாரப் பக்கம் சுரங்கவழியாகக் கடலுக்கும் போகின்றன. களனியின் மட்டத்தை நாகலகம் வீதியில் அளந்து அறிவிப்பது நீர்ப்பாசனத் திணைக்களம்.

மழைக்காலத்தில் செய்தியில் "நாகலகம் வீதி" என்ற பெயர் அடிக்கடி வருவதற்கு இதுதான் காரணம். களனி பெருகி நகரத்தின் கால்வாயை விட உயர்ந்துவிட்டால், வடக்குப் பக்கம் கதவுகளை மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆற்றுத் தண்ணீர் நகரத்துக்குள் வந்துவிடும். மூடினால் நகரத்துக்குள் பெய்யும் மழை வெளியே போக வழியில்லாமல் நிற்கும், பம்ப் வைத்து இறைக்க வேண்டும். அந்த நேரத்தில் வாழைத்தோட்டத்திலோ புளூமெண்டல் பக்கமோ கான் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் தண்ணீர் இறங்காது. மலைநாட்டில் பெய்த மழை இரண்டொரு நாளில் இங்கே வந்து சேருவதால், கொழும்பில் வெயில் எரிக்கும்போதும் வெள்ள எச்சரிக்கை வரும். யாரும் உளறுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

அதற்காகச் சபைக்கு நல்லபேர் எழுதிக் கொடுக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆறு பெருகாத நாளில், சாதாரணப் பின்னேர மழைக்கு ஓர் ஒழுங்கை நிரம்புகிறது என்றால் அது அநேகமாகக் கான் பிரச்சினை. கானுக்குள் மண், பிளாஸ்டிக் போத்தல், கட்டட வேலை செய்தவன் கழுவி ஊற்றிய சீமெந்துக் கரைசல், கடைக்காரன் கானுக்கு மேலே போட்ட கொங்கிறீட் தட்டு. இதில் பாதி சபை செய்யாதது, மீதி நாம் செய்தது. 2010 நவம்பரில் ஒரே இரவு மழையில் நாடாளுமன்ற வளாகம் வரை தண்ணீர் நின்றதும், அதற்குப் பிறகு உலக வங்கிக் கடனில் பெரிய கால்வாய்த் திட்டங்கள் தொடங்கியதும் நினைவிருக்கலாம். வெள்ளத்தைத் தடுக்கும் சதுப்பு நிலங்களை நிரப்பிக் கட்டடம் கட்டிய பிறகு தண்ணீர் தன் இடத்தைத் தேடித்தான் வரும், எந்தச் சபை இருந்தாலும்.

இன்னொன்று, கழிவுநீர்க் குழாய் வேறு, மழைநீர்க் கான் வேறு. கொழும்பு நகரத்தின் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி நூறு வருடப் பழசு, அதைப் பராமரிப்பது மாநகர சபை. பம்ப் நிலையங்கள் வழியாகப் போய் வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் நீண்ட குழாய்கள் மூலம் கடலுக்குள் விடப்படுகிறது. சிலர் வீட்டுக் கூரைத் தண்ணீரையும் முற்றத்துத் தண்ணீரையும் இந்தக் குழாயில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறார்கள். மழைக்கு வீதி நடுவில் மேன்ஹோல் மூடி தூக்கிக்கொண்டு நாற்றத் தண்ணீர் பொங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். அப்படிப் பொங்கினால் அது சந்தேகமில்லாமல் சபைக்குச் சொல்ல வேண்டிய விடயம், நீர் வழங்கல் சபையின் 1939 க்கு அடித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். குடிநீர் வரவில்லை, குழாய் வெடித்துவிட்டது என்றால் 1939.

குப்பை

இதுதான் சபையின் மிகத் தெளிவான கடமை, மிகப் பெரிய தலையிடியும் இதுதான். வீட்டு வாசலில் எடுப்பதைச் சபை தன் ஆட்களாலும் ஒப்பந்தத் தனியார் நிறுவனங்களாலும் செய்விக்கிறது. லொறியில் வேறு பெயர் எழுதியிருந்தாலும் ஒப்பந்தம் கொடுத்தது சபைதான், ஆகவே லொறி வரவில்லை என்ற முறைப்பாடும் சபைக்குத்தான். 2016 நவம்பரில் இருந்து உக்குவதையும் உக்காததையும் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்ற விதி வந்தது. அந்த விதியைப் பின்பற்றும் தொடர்மாடியும் உண்டு, எல்லாவற்றையும் ஒரே கறுப்புப் பையில் கட்டி இரவு பதினொரு மணிக்கு மற்றவன் மதிலடியில் வைத்துவிட்டு வரும் ஆட்களும் உண்டு.

எடுத்த பிறகு எங்கே கொண்டுபோவது என்பதுதான் உண்மையான கேள்வி, சபையின் 37 சதுர கிலோமீற்றருக்குள் அதற்கு இடமில்லை. முன்பு புளூமெண்டலில் குவித்தார்கள், கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் மக்கள் அந்த மலையின் அடியில் வருடக்கணக்கில் வாழ்ந்தார்கள். அது நின்றதும் மீத்தொட்டமுல்லைக்கு மாறியது. அது கொலன்னாவை எல்லைக்குள் இருக்கிறது, ஆனால் வந்து விழுந்தது கொழும்பின் குப்பை. அங்கே இருந்த மக்கள் எதிர்த்தார்கள், ஊர்வலம் போனார்கள், யாரும் கேட்கவில்லை. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று அந்தக் குப்பை மலை சரிந்து வீடுகளுக்கு மேல் விழுந்தது. 32 பேர் செத்தார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூடக் கொழும்பு மாநகர சபையில் வாக்கு இருந்திருக்க வாய்ப்பில்லை. எல்லைக் கோட்டைப் பற்றி மேலே அவ்வளவு எழுதியதற்கு இதுவும் ஒரு காரணம்: நகரம் தன் அழுக்கை எல்லைக்கு வெளியே தள்ளும்போது, அதைத் தாங்குகிறவன் நகரத்தின் தேர்தலில் பேச முடியாது.

அதற்குப் பிறகு கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் 2021 இல் திறக்கப்பட்டது, 10 மெகாவாட். புத்தளம் அருவக்காட்டுக்கு ரயிலில் கொண்டுபோகும் திட்டத்துக்கும் அந்தப் பகுதி மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியுமா? எரிக்கும் நிலையத்துக்கு ஈரக் குப்பை பிடிக்காது. சாப்பாட்டு மிச்சத்தைப் பிரித்துக் கொடுக்கச் சொல்வதில் இந்தக் கணக்கும் அடங்கும்.

சோலை வரி

காசுக்கு வருவோம். வீடோ கடையோ வெறும் வளவோ, சபை எல்லைக்குள் இருந்தால் அதற்கு வருடாந்தப் பெறுமதி என்று ஒன்றைச் சபையின் மதிப்பீட்டாளர் போடுவார். அந்த இடத்தை வாடகைக்கு விட்டால் நியாயமாக ஒரு வருடத்தில் என்ன கிடைக்கும் என்ற மதிப்பு அது, விற்கும் விலையுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்தப் பெறுமதியில் குறிப்பிட்ட ஒரு பங்குதான் வரி, அந்தப் பங்கின் வீதம் குடியிருப்பை விட வியாபாரத்துக்குக் கூட. வீட்டின் முன்னறையைச் சலூனாகவோ டியூஷன் வகுப்பாகவோ மாற்றினால் பெறுமதியும் வீதமும் மாறலாம், மேலே இன்னொரு தட்டுக் கட்டினாலும் மாறும். புதிய மதிப்பீட்டு அறிவித்தல் வந்தால் ஆட்சேபிக்கக் காலக்கெடு ஒன்று அதிலேயே போட்டிருக்கும். அதைத் தவறவிட்டுவிட்டு, பிறகு கூடிப்போச்சு என்று கவுண்டரில் நின்று சண்டை போடுவதில் பிரயோசனமில்லை.

வரி காலாண்டுக்கு ஒரு தடவை. வருடம் முழுவதற்குமானதை ஜனவரி 31 க்குள் கட்டிவிட்டால் 10 வீதக் கழிவு, காலாண்டுத் தொகையை அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதம். நிலையான வைப்பில் காசு போட்டு வட்டி எதிர்பார்க்கும் ஆட்கள் இந்த 10 வீதத்தை விட்டுவிடுவது எனக்கு இன்றுவரை விளங்காத புதிர். கட்டாமல் விட்டால் பிடியாணைச் செலவு என்று மேலதிகமாக ஏறும், சட்டப்படி அசையும் பொருட்களைக் கைப்பற்றவும் சபைக்கு அதிகாரம் உண்டு.

ஒரு எச்சரிக்கை. சோலை வரிச் சிட்டையில் உங்கள் பெயர் இருப்பதால் வீடு உங்களுடையதாகிவிடாது, உறுதிதான் உரிமை. மறுபக்கம், உறுதி கையில் இருந்தும் சபைப் பதிவேட்டில் பழைய உரிமையாளரின் பெயரே பல வருடம் கிடக்கும் வீடுகளும் உண்டு, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் விற்க வரும்போதுதான் அது தெரியவரும். விற்கவோ வங்கிக் கடன் எடுக்கவோ போனால் மதிப்பீட்டுப் பதிவேட்டுப் பிரதியும் வீதிக்கோட்டுச் சான்றிதழும் கேட்பார்கள், இரண்டும் சபையில்தான் எடுக்க வேண்டும், கடைசி நேரத்தில் ஓடினால் கிடைக்காது.

காணி கைமாறும்போது கட்டும் முத்திரை வரியும் கடைசியில் அந்த உள்ளூராட்சி மன்றத்துக்கே வர வேண்டும். முதல் ஓர் இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம், மாகாணம் அறவிட்டு அனுப்புகிறது. கொழும்பு 7 இல் ஒரு காணி விற்றால் சபைக்கு வரும் தொகையையும் ஒரு சிறிய பிரதேச சபைக்கு வருடம் முழுவதும் வருவதையும் ஒப்பிட்டுப் பார்த்தால், கொழும்பு மாநகர சபைக்கு ஏன் இத்தனை போட்டி என்பது விளங்கும்.

கட்டடம், தொடர்மாடி, மற்றவை

பக்கத்து வளவில் எட்டு மாடி எழும்புகிறது, அனுமதி இருக்கிறதா? நகரத் திட்டமும் விதிகளும் 1978 ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான நகர அபிவிருத்தி அதிகார சபையுடையவை, ஆனால் பெரும்பாலான அனுமதிப் பத்திரங்களைக் கையளிக்கப்பட்ட அதிகாரத்தின்படி மாநகர சபை கொடுக்கிறது. கட்டி முடித்த பிறகு இணக்கச் சான்றிதழும் எடுக்க வேண்டும். அனுமதியில்லாத கட்டடத்தைச் சபை தன் பாட்டில் போய் இடித்துவிட முடியாது, அறிவித்தல் கொடுத்து, பிறகு நீதவான் நீதிமன்றக் கட்டளை எடுக்க வேண்டும். அந்த இடைவெளியில் இன்னும் இரண்டு மாடி ஏறிவிடும் என்பது வேறு கதை.

வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் பிளாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. லிப்ட் வேலை செய்யவில்லை, தண்ணீர்த் தாங்கி கழுவவில்லை, பொதுக் கட்டணக் கணக்குக் காட்டவில்லை என்பதெல்லாம் மாநகர சபைக்குப் போகும் முறைப்பாடுகளே இல்லை. அவை பிளாட் உரிமையாளர்களின் முகாமைத்துவக் கூட்டின் பொறுப்பு, அதற்கு மேலே கூட்டு ஆதன முகாமைத்துவ அதிகார சபை இருக்கிறது. ஆனால் அதே தாங்கிக்கு அடியில் நுளம்புக் குடம்பி இருந்தால் சபையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவார், 2007 ஆம் ஆண்டின் நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டத்தின்படி வழக்கும் போடலாம்.

சபையின் சுகாதாரப் பக்கம் உண்மையில் நன்றாகவே இயங்குகிறது, இதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. தாய் சேய் கிளினிக், இலவச மருந்தகங்கள், ஹோட்டல் சோதனை, தெருநாய்த் தடுப்பூசி எல்லாம் அவர்கள். பொரளைக் கனத்தை மயானம், பொது நூலகம், விகாரமகாதேவி பூங்கா, வீதி விளக்கு. தீயணைப்புப் படையும் மாநகர சபையுடையது, இலக்கம் 110. பொலிஸ், பாடசாலை, பஸ், ஜி.எஸ். சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் எதுவும் சபையிடம் இல்லை. கடலை நிரப்பி எழுந்த துறைமுக நகரத்துக்கு 2021 சட்டத்தின்படி தனி ஆணைக்குழு.

முறையிடுவது எப்படி

கொழும்பு மாநகர சபை நிருவாகத்துக்காக 1, 2அ, 2ஆ, 3, 4, 5 என்று மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. கான், குப்பை, விளக்கு போன்றவற்றுக்கு டவுன் ஹோலுக்கு ஓடுவதை விட உங்கள் மாவட்டத்துக்குரிய பொறியியலாளர் அலுவலகத்தில் சொல்வது கெதியாக நடக்கும். வாய்ப்பேச்சாகச் சொல்லிவிட்டு வராமல் எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். வட்டார உறுப்பினருக்கும் ஒரு பிரதி. உங்களுக்கு வாக்குக் கேட்டு வந்தவர் தோற்றுப்போயிருந்தாலும் பரவாயில்லை, வென்றவர்தான் உங்கள் உறுப்பினர், மாதக் கூட்டத்தில் கேள்வி எழுப்பும் உரிமை அவருக்குத்தான் உண்டு. தொங்கு சபையில் ஒவ்வொரு உறுப்பினரின் வாக்குக்கும் விலை இருப்பதால், உறுப்பினர் எழுதும் கடிதத்துக்கு இப்போது முன்பைவிடக் கொஞ்சம் கனம் கூட.

தமிழில் எழுதலாமா என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தாராளமாக எழுதலாம். தமிழ் அரசகரும மொழி, தமிழில் எழுதினால் தமிழிலேயே பதில் பெறும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. சிங்களத்தில் மட்டும் பதில் வந்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். நடைமுறையில் தமிழ்க் கடிதம் சில நாள் கூடுதலாக மேசையில் கிடக்கும் என்பதை எல்லோரும் அறிவோம், அதனால் பலர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படியே போனால் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் தேவை என்று சபையின் கணக்கில் எப்போதுமே பதியாது.

கடிதத்துக்குப் பதிலே வரவில்லை என்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் மழுப்பலாம். என் ஒழுங்கையின் கான் கடைசியாக எந்தத் திகதியில் துப்புரவு செய்யப்பட்டது, ஒப்பந்தம் யாருக்கு, எவ்வளவு தொகைக்கு, வேலை முடிந்ததாகக் கையெழுத்திட்டவர் எந்தப் பதவியில் இருப்பவர் என்று கேளுங்கள், மழுப்ப இடமிருக்காது. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தன் முடிவைச் சொல்ல வேண்டும், மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அங்கேயும் சரிவராவிட்டால் ஆணைக்குழு. அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது, படிவம் இல்லாமல் வெறும் தாளிலும் எழுதிக் கொடுக்கலாம், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை.